சந்தேகப்பட்டவன் கடைசியில் போலீஸ் ஆளாகவே இருந்தாக வேண்டுமா? (மலையாளப் படங்கள் பற்றி ஒரு கேள்வி)

லாரிக்காரர் மகன் எழுதியது:

வணக்கம் மக்களே. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து ‘அன்வர்’ பார்த்தேன். 2010இல் வந்த மலையாளப் படம், அமல் நீரத் இயக்கியது, பிருத்விராஜ், பிரகாஷ் ராஜ், லால், மம்தா மோகன்தாஸ் எல்லாம் இருக்கிறார்கள். கதை கோயம்புத்தூர் குண்டுவெடிப்பில் தொடங்குகிறது என்று சொன்னதும்தான் அப்பா டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார். இல்லாவிட்டால் எம்ஜிஆருக்குப் பிறகு அவர் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்தவர் கிடையாது. இருபத்தைந்து வருஷம் வாளையார் செக்போஸ்ட் தாண்டி லாரி ஓட்டியவர் என்பதால் மலையாளம் எனக்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிடுகிறது.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிச்சைச் சொல்லப் போகிறேன். படம் முழுக்க நாம் யாரைத் தீவிரவாதியோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கிறோமோ அந்த அன்வர், கடைசியில் பார்த்தால் போலீஸ் அதிகாரிக்குத் தெரிந்தே அந்தக் கும்பலுக்குள் போன ஆள். நான் பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, “சரி, அவன் போலீஸ் அனுப்புன ஆளா இல்லாம சும்மா ஒரு ஆளா இருந்திருந்தா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் எழுந்து தூங்கப் போய்விட்டார், நான்தான் ஒரு மணி வரை முழித்துக்கொண்டு கிடந்தேன்.

அதனால் கேட்கிறேன். பயங்கரவாதம், அதைச் சுற்றி வருகிற சந்தேகம், இதில் மாட்டிக்கொள்கிற சாதாரண ஆட்கள், இப்படி ஒரு மலையாளப் படம் சொல்லுங்கள். ரகசிய அதிகாரி, கமாண்டோ, அமெரிக்காவில் படித்த ஜீனியஸ் யாரும் வேண்டாம். டீக்கடைக்காரனோ வாத்தியாரோ இருந்தால் போதும். முடிவு சோகமாக இருந்தாலும் பரவாயில்லை. நீதிமன்றத்தில் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்கிற படம் மட்டும் வேண்டாம், அப்பா அந்த நேரத்தில் வெற்றிலை வாங்கக் கிளம்பிவிடுவார்.

நடுசீட்டு நாகராஜ்:

அன்வருக்கு அந்த முடிச்சு சொந்தமாக வந்ததில்லை பாஸ். 2008இல் வந்த ‘ட்ரெய்ட்டர்’ என்ற ஆங்கிலப் படத்தின் சாயல் நன்றாகவே அடிக்கும், டான் சீடில் நடித்தது. அங்கேயும் இதே கதைதான், ஆள் உள்ளே அனுப்பப்பட்டவர். எடுத்த விதம், கோபி சுந்தர் பாட்டு இதெல்லாம் சேர்ந்து தப்பித்துக்கொண்டது. உங்க அப்பா கேட்ட கேள்வியை அப்போது யாருமே கேட்கவில்லை. நானும் திரையரங்கில் விசில் அடித்த கோஷ்டிதான்.

மலைச்சாரல்:

உங்கள் நிபந்தனைக்கு ‘உண்ட’ சரியாகப் பொருந்தும். 2019, காலித் ரஹ்மான் இயக்கம், மம்மூட்டி. உண்ட என்றால் தோட்டா.

கேரளப் போலீஸ் படை ஒன்று தேர்தல் பாதுகாப்பு வேலைக்காக சத்தீஸ்கரில் மாவோயிஸ்ட் பகுதியான பஸ்தருக்குப் போகிறது. 2014 மக்களவைத் தேர்தலுக்கு இப்படி நிஜமாகப் போய்வந்த படையின் அனுபவத்திலிருந்து பிறந்த கதை. போன இடத்தில்தான் தெரிகிறது, கையில் இருக்கிற தோட்டாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று. கேட்டு எழுதிய தோட்டா வருகிற வரைக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் பயந்துகொண்டு கிடக்கிறார்கள். மம்மூட்டி எஸ்ஐ மணியாக வருகிறார், ஆனால் முதல் ராத்திரி சுடும் சத்தம் கேட்டதும் அவரே உறைந்துபோய் நிற்பார். அந்த வயதில், அந்த இமேஜை வைத்துக்கொண்டு இதற்கு ஒத்துக்கொண்டாரே என்று அவர் மேல் ஒரு தனி மரியாதை வந்தது எனக்கு.

இது போலீஸ் படம்தானே, சந்தேகிக்கப்பட்ட சாதாரண ஆள் எங்கே என்று கேட்பீர்கள். குனால்சந்த் என்று ஒரு கிராமத்து ஆள் வருவார். ஓம்கார் தாஸ் மாணிக்புரி, சத்தீஸ்கர்காரரே நடித்திருக்கிறார். அவருக்குக் காக்கியும் ஒன்றுதான் காட்டுக்குள் இருக்கிறவனும் ஒன்றுதான். இந்தப் பக்கம் மாவோயிஸ்ட் என்று பெயர் வைப்பார்கள், அந்தப் பக்கம் துப்புக் கொடுப்பவன் என்பார்கள், எந்தப் பெயர் விழுந்தாலும் ஆள் காலி. இதை அவர் அழுதுகொண்டு சொல்வதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

அது போதாதென்று படைக்குள்ளேயே பிஜு குமார் என்று ஆதிவாசி கான்ஸ்டபிள் ஒருவர், லுக்மான் நடித்தது. கூட இருக்கிற கேரளத்துப் போலீஸ்காரனே அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பான். காட்டில் இருப்பவனைக் கண்டு நடுங்குகிற அதே ஆட்கள், கூடாரத்தில் இருக்கிறவனைச் சாதி சொல்லி நோகடிக்கிறார்கள். பிஜு ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறப்பார் பாருங்கள், எனக்குப் படமே அங்கேதான்.

இன்னொன்று, கடைசியில் சண்டைக்கு வருவது மாவோயிஸ்ட் இல்லை. யார் என்று சொல்ல மாட்டேன். ஓட்டுச்சாவடி என்று மட்டும் சொல்கிறேன்.

பொன்னானி மருமகன்:

நான் திருச்சி, கல்யாணம் பண்ணியது மலப்புறம் மாவட்டத்தில். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். ‘பரதேசி’ பாருங்கள். 2007, பி.டி. குஞ்ஞுமுகமது இயக்கம், மோகன்லால். அந்த ஆண்டு கேரள அரசின் சிறந்த நடிகர் விருது அவருக்கு இந்தப் படத்துக்காகத்தான். இளைஞனிலிருந்து தள்ளாத கிழவர் வரைக்கும் ஒரே ஆள், அந்த ஒப்பனைக்காகப் பட்டணம் ரஷீதுக்கு தேசிய விருது.

இதில் குண்டு கிடையாது, துப்பாக்கி கிடையாது. வலியகத்து மூஸா என்ற ஒரு மனுஷனும் ஒரு பாஸ்போர்ட்டும், அவ்வளவுதான். ஆனால் சந்தேகம் என்றால் என்ன என்று இதைவிடச் சரியாக யாரும் எடுத்ததில்லை என்பது என் கட்சி.

பின்னணி தெரிந்தால்தான் படம் முழுதாக ஏறும், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். பிரிவினைக்கு முன்னால் மலபாரிலிருந்து ஏகப்பட்ட பேர் கராச்சிக்குப் போய் டீக்கடை, ஹோட்டல் என்று பிழைத்தார்கள். பம்பாய்க்குப் போவது போலத்தான் அது, வேறு நாடு என்று யாரும் நினைத்துப் போகவில்லை. 1947இல் கோடு போட்டார்கள். 1948இல் பெர்மிட் வந்தது, 1952 அக்டோபரில் இரண்டு நாட்டுக்கும் நடுவில் பாஸ்போர்ட் முறை வந்தது. இப்போது கராச்சியில் இருக்கிறவன் ஊருக்கு வந்து உம்மாவை, அதாவது அம்மாவை, பார்க்க வேண்டும் என்றால் என்ன பண்ணுவான்? அங்கே என்ன கொடுக்கிறார்களோ அதை வாங்கிக்கொண்டு வருவான். அது பாகிஸ்தான் பாஸ்போர்ட். வந்தான், வீட்டைப் பார்த்தான், இங்கேயே தங்கிவிட்டான்.

அப்புறம் 1955இல் குடியுரிமைச் சட்டம், 1956இல் அதற்கு விதிகள். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கினாலே அந்த நாட்டுக் குடியுரிமையை நீ விரும்பி எடுத்துக்கொண்டாய் என்பதற்கு அதுவே முடிவான சாட்சி, வேறு விளக்கமே சொல்ல முடியாது என்றது அந்த விதி. உச்ச நீதிமன்றமும் 1962இல் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, மூன்று தலைமுறையாக அதே பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவன் ஒரே ஒரு புத்தகத்தால் பாகிஸ்தானி ஆகிவிட்டான்.

இந்தியா பாகிஸ்தானோடு சண்டை போடும்போதெல்லாம் மூஸா வீட்டுக் கதவை யாராவது தட்டுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள், அவர்களும் எங்கள் ஆள் இல்லை என்பார்கள். என் மாமனாரோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். அவர் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இதே மாதிரி பகலில் வீட்டில் இருக்காமல் தென்னந்தோப்பில் கிடந்தாராம், சோறு தோப்புக்குத்தான் போகுமாம். அதை எனக்குச் சொல்லும்போதுகூட அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், வீட்டுக்குள் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

படத்தில் குறையும் உண்டு. பின்பாதி இழுக்கும், நாடகத்தனம் இருக்கிறது. உங்கள் அப்பா வெற்றிலையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

வேலுச்சாமி_ஆர்எஸ்புரம்:

எல்லாம் சரிங்க. நான் ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது.

1998 பிப்ரவரி 14 அன்று நான் ஆர்.எஸ்.புரத்தில் இருந்தேன். அத்வானி கூட்டத்துக்காகக் கடை சீக்கிரம் மூடலாம் என்று பேசிக்கொண்டு இருந்தோம். அன்றைக்கு ஊர் முழுக்க வெடித்ததில் 58 பேர் செத்தார்கள், இருநூறுக்கு மேல் அடிபட்டார்கள். எங்கள் தெருவில் வாழைப்பழம் விற்கிறவர் ஒருவருக்கு அதற்குப் பிறகு ஒரு காது கேட்கவே இல்லை. அவரும் சாதாரண ஆள்தான். இந்த மாதிரிப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, குண்டு வைத்தவன் என்று ஒருவன் இருந்தான் என்பதே மறந்துபோகிற மாதிரி பேசுகிறார்கள். பிடிபட்டவன் எல்லாம் அப்பாவி என்றால் 58 பேரைக் கொன்றது யார், காற்றா?

எனக்கு யார் மேலும் காழ்ப்பு கிடையாது, கடையில் என் பங்காளியே முஸ்லிம்கள் அதிகமாக இருக்கிற கோட்டைமேட்டுக்காரர்தான். படம் எடுக்கிறவர்கள் இரண்டு பக்கமும் காட்ட வேண்டும் என்கிறேன், அவ்வளவுதானுங்க.

ஷாஜிதா_கோட்டைமேடு:

வேலுச்சாமி அண்ணா, கோபம் எல்லாம் இல்லை. அந்த 58 பேரை மறக்கச் சொல்லி இங்கே யாரும் எழுதவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

நான் வளர்ந்தது கோட்டைமேட்டில். 1997 நவம்பர் கலவரம், அப்புறம் குண்டுவெடிப்பு, இதற்குப் பிறகு எங்கள் பகுதியைச் சுற்றிப் போலீஸ் செக்போஸ்ட் இருந்தது, ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, வருஷக்கணக்கில். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அது எனக்குப் பழகிவிட்டது, குடை எடுத்துக்கொண்டு போவது மாதிரி. தெருவுக்குள் வர ஆட்டோக்காரர் யோசிப்பார். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் செக்போஸ்டில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தார்கள், உள்ளே வந்ததும் அவர்கள் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு வேலைக்கு வெளியூர் போய் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்கார அம்மா எல்லாம் பேசி முடித்துவிட்டு ஆதார் அட்டையில் முகவரியைப் பார்த்தார். “வூட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்மா” என்றார். இன்னும் கேட்டுக்கொண்டு இருக்கிறார் போல.

நான் கைதும் ஆகவில்லை, வழக்கும் இல்லை, சிறையும் இல்லை. அதனால் என்னைப் பற்றி யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ‘அன்வர்’ எங்கள் ஊரைக் காட்டுகிறது என்று ஆசையாகப் பார்த்தேன். புகை, கண்ணாடிச் சில்லு, மெதுவாக நடக்கிற ஹீரோ. செக்போஸ்ட் எங்கே என்று தேடினேன்.

உங்களுக்கு வேண்டிய மாதிரி ஒரு படம் இருக்கிறது அண்ணா. ‘தைவநாமத்தில்’, 2005, ஜெயராஜ் இயக்கம், ஆர்யாடன் ஷௌகத் எழுதியது, தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது வாங்கியது. இதிலும் பிருத்விராஜ்தான், இதிலும் அவர் பெயர் அன்வர்தான் (அவருக்கு இந்தப் பெயரை விட்டால் வேறு வைக்கவே மாட்டார்களா என்று தெரியவில்லை). இந்த அன்வர் அப்பாவி இல்லை. பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு நிஜமாகவே அந்த வழிக்குப் போகிறான். அவன் மனைவி சமீராவாக பாவனா. கணவன் தப்பான வழியில் போகிறான் என்று தெரிந்தே அவனோடு மல்லுக்கட்டுகிற பெண். ஊர் அவளையும் சேர்த்துத்தான் பார்க்கும் என்பதுதான் எனக்கு உறைத்தது. குற்றவாளி ஒருத்தன் இருக்கும் வீட்டிலேயே குற்றம் செய்யாத நாலு பேர் இருக்கிறார்கள் அல்லவா, உங்கள் இரண்டு பக்கமும் அந்த ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது.

வேலுச்சாமி_ஆர்எஸ்புரம்:

சரிங்கம்மா. டப்பாவைத் திறந்து காட்டினது எனக்குத் தெரியாது. பங்காளி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படத்தைப் பார்க்கிறேன்.

பழைய படப்பெட்டி:

யாருமே ‘பிறவி’யைச் சொல்லவில்லை என்றால் எப்படி? ஷாஜி என். கருணின் முதல் படம், 1988ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது, 1989இல் கான் விழாவில் கேமரா தோர் (இயக்குநரின் முதல் படத்துக்கான பரிசு) பிரிவில் சிறப்புப் பாராட்டு. விருதுக் கணக்கைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், கதை ரொம்ப எளிமையானது. தங்கையின் நிச்சயத்துக்கு வர வேண்டிய மகன் வரவில்லை. வயதான அப்பா தினமும் தோணியில் ஆற்றைக் கடந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நிற்கிறார். கடைசி பஸ்ஸும் போன பிறகு திரும்புகிறார். மறுநாளும் போகிறார். படம் முழுக்க மழை.

அப்பாவாக வருபவர் பிரேம்ஜி, அப்போது அவருக்கு எண்பது வயது இருக்கும், சிறந்த நடிகருக்கான தேசிய விருது இதற்குத்தான். மகளாக நம்ம ‘வீடு’ அர்ச்சனா. அண்ணனுக்கு என்ன ஆனது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அதைச் சுமந்துகொண்டு நடமாடுவாள். லாக்கப், அடி, உதை எதையும் கேமரா காட்டுவதில்லை. கிழவர் அமைச்சரைப் பார்க்கப் போகிறார், பெரிய போலீஸ் அதிகாரியைப் பார்க்கப் போகிறார், அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவே இல்லையே என்ற பதிலோடு திரும்புகிறார். அந்த அலுவலகத்து நாற்காலியில் அவர் உட்காரும் விதம் ஒன்று போதும்.

இதற்குப் பின்னால் இருப்பது ராஜன் வழக்கு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெருக்கடி நிலைக் காலம். 1976 பிப்ரவரி இறுதியில் கோழிக்கோடு பக்கம் காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். அதில் தொடர்பு என்று சந்தேகப்பட்டு மார்ச் 1 காலை கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினியரிங் கல்லூரி மாணவன் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயத்தில் போலீஸ் முகாம். அங்கே ‘உருட்டல்’ என்று ஒரு சித்திரவதை, ஆளைப் பெஞ்சில் கிடத்தித் தொடை மேல் உலக்கையை வைத்து உருட்டுவது. பையன் பிழைக்கவில்லை. உடல் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை.

அப்பா ஈச்சரவாரியர், இந்திப் பேராசிரியர். ஒரு வருஷம் கதவு கதவாகத் தட்டினார். முதலமைச்சராக இருந்தவர் அச்சுத மேனன், உள்துறை கருணாகரனிடம். நெருக்கடி நிலை முடிந்ததும் 1977 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அப்படி ஒரு ஆளைப் பிடிக்கவே இல்லை என்று அரசு தரப்பு சொன்னதை நீதிமன்றம் நம்பவில்லை. அப்போதுதான் முதலமைச்சர் ஆகியிருந்த கருணாகரன் ஒரு மாதத்தில் பதவி விலக வேண்டி வந்தது. அப்புறம் போலீஸ் அதிகாரிகள் மீதான வழக்கு கேரளத்துக்கு வெளியே, இதே கோயம்புத்தூர் நீதிமன்றத்தில்தான் நடந்தது. தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

வாரியர் பிற்பாடு நினைவுக் குறிப்புகள் எழுதினார். மகன் செத்ததைத் தன் மனைவியிடம் பல வருஷம் சொல்லாமலே மறைத்தார் என்று அதில் வருகிறது. படத்தில் மகள் அப்பாவிடம் மறைக்கிறாள், நிஜத்தில் அப்பா அம்மாவிடம் மறைத்தார். புத்தகம் வந்தது படத்துக்கு எவ்வளவோ வருஷம் கழித்து. எனக்கு அதைப் படித்த அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

தர்க்கம்_தங்கராசு:

பிறவி பெரிய படம், மறுக்கவில்லை. ஆனால் கேட்டது பயங்கரவாதம் பற்றி, இது நக்சல், நெருக்கடி நிலை, போலீஸ் அராஜகம். தலைப்பு வேறு இல்லையா?

அதோடு இன்னொன்று. சந்தேகம் என்றால் கேரளத்தில் இஸ்ரோ உளவு வழக்கைத்தானே முதலில் சொல்ல வேண்டும்? ராக்கெட் ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்றார் என்று 1994 நவம்பரில் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் கைது, நாகர்கோவில்காரர். 1996இல் சிபிஐ வழக்கே பொய் என்றது, 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மாதவன் நடித்து இயக்கிய படம் தமிழிலேயே வந்துவிட்டது.

பழைய படப்பெட்டி:

தங்கராசு சார், அந்த ஸ்டேஷனைத் தாக்கியவர்களுக்கு அன்றைக்கு அரசாங்கம் வைத்த பெயரும் கிட்டத்தட்ட இதுதான். பெயர் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறும். சட்டத்தின் பெயரும் அப்படியே, மிசா போய் தடா, தடா போய் பொடா, பொடாவை 2004இல் எடுத்துவிட்டு அதில் இருந்ததில் பாதியை உபாவுக்குள் (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம், அதைப் பார்த்து முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றிவிட்டால் ஜாமீன் கிடையாது. கேரள அரசியல் தலைவர் மதானியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை வழக்கில் 1998 மார்ச்சில் கைது, 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என்று விடுதலை. நடுவில் ஒன்பது வருஷம் ஜாமீன் இல்லை. அவர் அரசியல் எனக்குப் பிடிக்காது, 2010இல் பெங்களூரு வழக்கில் மறுபடி கைதானது தனிக் கதை. ஆனால் அந்த ஒன்பது வருஷத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

இஸ்ரோ பற்றிச் சொன்னது சரி. நம்பிக்கு இழப்பீடு கிடைத்தது, பத்மபூஷண் கிடைத்தது, படமும் கிடைத்தது. அதே வழக்கில் மரியம் ரஷீதா, ஃபௌசியா ஹசன் என்று இரண்டு மாலத்தீவுப் பெண்கள் மூன்று வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். ஃபௌசியா அவர்கள் நாட்டில் சினிமா நடிகை. அவர் 2022இல் இறந்துபோனார். இந்த இரண்டு பேரையும் நடுவில் வைத்து ஒரு மலையாளப் படம் வர வேண்டாமா? ராக்கெட் செய்யத் தெரிந்தவன் அப்பாவி என்றால் நமக்குச் சட்டென்று மனசு இறங்குகிறது. விசா தேதி தாண்டித் தங்கிய வெளிநாட்டுப் பெண் என்றால் இறங்குவதில்லை.

நடுசீட்டு நாகராஜ்:

‘ஜன கண மன’ (2022) யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், நானே சொல்லிவிடுகிறேன். பிருத்விராஜ், சுராஜ் வெஞ்ஞாறமூடு, டிஜோ ஜோஸ் ஆண்டனி இயக்கம். என்கவுன்ட்டரில் நாலு பேரைச் சுடும்போது திரையரங்கே கை தட்டும், அப்புறம் படம் திரும்பி நம்மைப் பார்த்து யாருக்காகக் கை தட்டினாய் என்று கேட்கும். அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது. ஆனால் பின்பாதி முழுக்க நீதிமன்றப் பிரசங்கம், ஆகவே லாரிக்காரர் ஐயாவுக்கு ஆகாது.

லாரிக்காரர் மகன்:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. ஷாஜிதா அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்.

நேற்று ராத்திரி ‘பிறவி’ பார்த்தோம். எனக்கு முதல் அரைமணி நேரம் கொட்டாவிதான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா அசையவில்லை. கிழவர் தோணிக்காரரோடு பேசாமல் உட்கார்ந்து போகிற இடத்தில் எல்லாம் இவரும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். வெற்றிலைக்கு எழுந்திருக்கவே இல்லை.

படம் முடிந்து, இந்த வழக்கு கோயம்புத்தூர் கோர்ட்டில் நடந்தது என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். எந்த வருஷம் என்றார். எழுபத்தெட்டு வாக்கில் இருக்கும் என்றேன். அப்போது அவர் லாரியில் கிளீனர், கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில்தான் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிப்பார்களாம். வெள்ளை வேட்டி கட்டிய மலையாளத்துக்காரர்கள் கூட்டமாக வந்து போவதைப் பார்த்திருக்கிறார். ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டாராம்.

“அந்தப் பெரியவரும் அதுல இருந்திருப்பாரோ” என்று கேட்டார். இருந்திருக்கலாம் என்றேன்.

அடுத்து ‘பரதேசி’ என்று முடிவாகிவிட்டது. பொன்னானி மருமகன் அண்ணா, மலப்புறத்துப் பேச்சு அப்பாவுக்கே பாதிதான் புரியுமாம், பாலக்காடு வரைதான் அவர் மலையாளம். சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.